வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பாடம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: 7 வயதில் ஒரு மகள், 11 வயதில் ஒரு மகன், இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. காலை 9 முதல் மாலை 3 வரை பள்ளிக்கூடம் மாதிரியே பீரியட் பிரித்து டைம்டேபிள் போட்டிருக்கிறீர்கள். 11 மணிக்கெல்லாம் சின்னவள் அழ ஆரம்பிக்கிறாள், பெரியவன் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஓட்டுகிறான், உங்கள் பகுதிநேர வேலை இரவு பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது. மற்ற குடும்பங்கள் நாள் முழுக்க என்னதான் செய்கின்றன, எத்தனை மணி நேரம் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது: பள்ளியில் கிடைத்த ஆறு மணி நேரத்தை வீட்டில் கொடுக்க முடியவில்லை என்றால் பிள்ளைகளை ஏமாற்றுகிறேனா? அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். உங்கள் டைம்டேபிளை எழுதியதே அந்தப் பயம்தான் என்று படுகிறது.

நான் பல வருடம் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தியவன். பிறகு, வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கு வருடத் திட்டம் போட உதவுவதே என் வேலையாகிவிட்டது. என் அனுபவத்தின் எல்லையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அதிகம் பார்த்தது 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளை; பெற்றோரில் ஒருவராவது பாதி நாள் வீட்டில் இருக்கிற குடும்பங்களை. இருவரும் முழுநேர வேலைக்குப் போகிற வீட்டுக்கும், தனி ஆளாகப் பிள்ளை வளர்ப்பவருக்கும் கீழே சொல்வதில் பாதி பொருந்தாது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை என்றால், அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம்தான் நேரக் கணக்கைக் கேட்க வேண்டும், என்னிடம் இல்லை.

முதலில் அந்த ஆறு மணி நேரத்தைப் பிரித்துப் பார்ப்போம். 40 நிமிட பீரியட் ஒன்றில் என்ன நடக்கிறது என்பது வகுப்பின் முன்னால் நின்றவனுக்குத் தெரியும். முந்தைய ஆசிரியர் கிளம்பி, பிள்ளைகள் நோட்டை எடுத்து, சத்தம் அடங்க ஐந்து நிமிடம். வீட்டுப்பாடம் எழுதாதவர்களிடம் கொஞ்ச நேரம் விசாரணை. பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டப் பத்து நிமிடம். அப்புறம் எல்லோரும் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பு. முதலில் முடித்தவன் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், கடைசியாக முடிப்பவள் பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்து எழுதுவாள். வகுப்பில் இருக்கிற நோட்டுகளில் நான் உண்மையில் குனிந்து பார்ப்பது ஏழோ எட்டோதான். அந்த 40 நிமிடத்தில் ஒரு பிள்ளை தன் சொந்த மூளையைப் போட்டு யோசித்த நேரம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் தேறினால் பெரிய விஷயம். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை, கூட்டத்துக்குப் பாடம் நடத்தினால் இப்படித்தான் ஆகும். இதோடு வருகைப்பதிவு, இடைவேளை, வரிசையில் நிற்பது, அறை மாறுவது எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். நீங்கள் வீட்டில் ஈடுகட்ட நினைக்கிற ஆறு மணி நேரம் பள்ளியிலும் கிடைத்ததில்லை.

ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பாடம் சீக்கிரம் ஏறும் என்பதில் சந்தேகம் இல்லை. எவ்வளவு சீக்கிரம் என்பதில்தான் சந்தேகம். 1984-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் வெளியிட்ட கட்டுரையை வீட்டுக்கல்வி ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்து நீட்டுவார்கள். தனியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை முந்திவிட்டார் என்பது அதன் செய்தி. 2011-இல் கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தனிப்பயிற்சியின் பலன் புளூம் சொன்னதில் பாதிக்கும் குறைவாகத்தான் வந்தது. அதுவும் நல்ல பலன்தான், மறுக்கவில்லை. ஆனால் இவை பெற்றோர் சொந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதை அளந்த ஆய்வுகள் இல்லை. பிள்ளை முகத்தைச் சுளித்த உடனே நமக்கு ஏறுகிற கோபம் எந்த ஆய்விலும் கணக்கில் வராது.

சரி, எத்தனை மணி நேரம்? நான் பார்த்த வீடுகளில், ஓரளவு நிம்மதியாக ஓடுகிறவற்றில், 5 முதல் 7 வயதுப் பிள்ளை உட்கார்ந்து படிப்பது ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். 8 முதல் 10 வயதுக்கு இரண்டு மணி நேரம், மிஞ்சினால் இரண்டரை. 11 முதல் 13 வயதுக்கு மூன்று மணி நேரத்தை ஒட்டி. அதற்கு மேல் தேர்வு, சிலபஸ் எல்லாம் வந்து சேர்ந்துகொள்ளும், நான்கு ஐந்து மணி நேரம் ஆகலாம். இது என் கண்ணால் பார்த்த கணக்கு, ஆய்வு முடிவு இல்லை. உங்கள் மகளுக்கு நீங்கள் இப்போது போட்டிருப்பது இதைப்போல் நான்கு மடங்கு. அவள் 11 மணிக்கு அழுவதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இங்கே சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வீட்டுக்கல்விக்கு வருடத்துக்கு 1000 மணி நேரம் காட்ட வேண்டும், அதில் 600 மணி நேரம் வாசிப்பு, மொழி, கணக்கு, அறிவியல், சமூகவியல் ஆகியவற்றில். நியூயார்க்கில் 6-ஆம் வகுப்பு வரை 900 மணி நேரம், அதற்கு மேல் 990. இங்கிலாந்தில் முழுநேரக் கல்வி என்று சட்டம் சொல்கிறதே தவிர, இத்தனை மணி நேரம் என்று வரையறுக்கவில்லை. ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் படிக்கவைக்க, அபூர்வமான விதிவிலக்குகள் தவிர, அனுமதியே இல்லை. மணிக்கணக்கு கேட்கிற இடங்களிலும் மேஜை முன் உட்கார்ந்த நேரம் மட்டும்தான் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அருங்காட்சியகம் போனது, தோட்டத்தில் விதை போட்டு அளந்து குறித்தது, நாடகம் ஒத்திகை பார்த்தது எல்லாம் ஏதோ ஒரு பாடத்தின் கீழ் வந்துவிடும். உங்கள் ஊர் விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை நேரடியாகப் படித்துவிடுங்கள். பிறர் சொல்லக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கல்வியில் பிள்ளைக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. தட்டுப்பாடு உங்கள் நேரத்துக்குத்தான், அதிலும் போன் பார்க்காமல், அடுப்பைத் திரும்பிப் பார்க்காமல், ஒரு பிள்ளையின் பக்கத்தில் முழுக் கவனத்தோடு உட்காருகிற நேரத்துக்கு. டைம்டேபிள் போடும்போது எல்லோரும் பிள்ளையின் நாளை வரைகிறார்கள். நான் முதலில் பெற்றோரின் நாளை வரையச் சொல்வேன். உங்களால் ஒரு நாளில் எரிச்சல் இல்லாமல் பக்கத்தில் உட்கார முடிகிற நேரம் எவ்வளவு? பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம். அதை எதற்குச் செலவழிப்பது என்பதுதான் திட்டமே. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு நீங்கள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். புதிய கணக்கு ஒன்றை முதன்முதலாகத் தொடங்கும்போதும் அப்படித்தான். எழுதியதைத் திருத்திச் சொல்வதும் சேர்ந்து உட்கார்ந்து செய்கிற வேலை. தெரிந்த கணக்கைப் பழகுவது, வாசிப்பு, படம் வரைவது, ஒலிப்புத்தகம் கேட்பது இதற்கெல்லாம் நீங்கள் அதே வீட்டில் இருந்தால் போதும்.

ஒரு வீட்டின் காலையைச் சொல்கிறேன், பிள்ளைகளின் வயது கிட்டத்தட்ட உங்கள் பிள்ளைகளுடையதுதான். காலைச் சாப்பாடு முடிந்ததும் அம்மா பதினைந்து நிமிடம் சத்தமாக ஒரு புத்தகம் படிப்பார். இருவரும் கேட்பார்கள், சின்னவளின் கை ஏதாவது கிறுக்கிக்கொண்டிருக்கும், அதைத் தடுப்பதில்லை. அடுத்த அரை மணி நேரம் சின்னவளுக்கு. அவள் இரண்டு பக்கம் சத்தமாக வாசிப்பாள், அப்புறம் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்துக்கொண்டு கடன் வாங்கிக் கழித்தல். அந்த நேரத்தில் பெரியவன் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். யாரையும் கேட்காமல் அவனால் செய்ய முடிகிற மூன்று வேலைகள் மட்டும் அதில் இருக்கும். ஒன்று புரியவில்லை என்றால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், அம்மாவைக் கூப்பிடக் கூடாது. சின்னவள் முடித்து எழுந்து விளையாடப் போன பிறகு பெரியவனின் முறை.

அன்றைக்குப் பின்னம். 3/4-ஐயும் 2/5-ஐயும் கூட்டி 5/9 என்று எழுதி வைத்திருந்தான். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டிவிட்டான், எல்லாப் பிள்ளைகளும் ஒரு கட்டத்தில் செய்வதுதான். அம்மா தப்பு என்று சொல்லவில்லை. "5/9 பாதியைவிடக் கூடவா குறைவா?" என்றார். கொஞ்சம் கூட என்றான். "3/4?" அது நிறையக் கூட. "அப்போ முக்காலோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு குறைஞ்சு போச்சா?" அவன் சிரித்துவிட்டு, தானே அழித்துவிட்டு, ஒரு காகிதப் பட்டையை எடுத்து 20 கட்டமாகக் கோடு போட ஆரம்பித்தான். 15 கட்டமும் 8 கட்டமும் சேர்ந்தால் பட்டைக்கு வெளியே 3 கட்டம் வருகிறது என்று அவனே சொன்னான். பிறகு அதே மாதிரி நான்கு கணக்கு, தனியாக. எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிடம். இதே தப்பு வகுப்பில் நடந்திருந்தால் அடுத்த நாள் நோட்டில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுந்திருக்கும், அவ்வளவுதான். உங்கள் மகன் ஒரே கணக்கில் முக்கால் மணி நேரம் நிற்பது சோம்பேறித்தனமாக இருக்க வாய்ப்பு குறைவு. அவன் எங்கேயோ சிக்கியிருக்கிறான், நீங்கள் அந்த நேரத்தில் தங்கையோடு இருக்கிறீர்கள். கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்கிற அந்த ஒரு பழக்கமே உங்களுக்குப் பாதித் தொல்லையைக் குறைக்கும்.

உங்கள் சொந்த வேலையைப் பாடங்களுக்கு நடுவே பத்துப் பத்து நிமிடமாகச் செருகாதீர்கள். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மின்னஞ்சலுக்குப் பாதிப் பதில் எழுதிவிட்டு வந்து கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது ஏன் எரிந்து விழுகிறோம் என்பதற்கு எனக்கு இது போதுமான விளக்கம். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டிய பாடத்தை 11 மணிக்குள் முடித்துவிட்டு, பிறகு இரண்டு மணி நேரம் உங்கள் வேலைக்கென்று கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். 7 வயதுப் பிள்ளைக்குத் தானாக இரண்டு மணி நேரம் பொழுதுபோக்கத் தெரியாது. ஆரம்பத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டுவாள். சில வாரம் பிடிக்கும். திரையைக் கையில் கொடுத்து அந்த இரண்டு மணி நேரத்தை வாங்குகிற வீடுகளும் உண்டு, நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வழியில் போனால் தானாக விளையாடும் பழக்கம் வருவது தள்ளிக்கொண்டே போகும்.

கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு போடுகிற திட்டம் முதல் காய்ச்சலில் சரிந்துவிடும். 9:20 கணக்கு, 10:00 அறிவியல் என்று எழுதினால், ஒரு போன் வந்ததும் நாள் முழுக்கத் தாமதமாகிவிட்டது என்ற உணர்வு ஒட்டிக்கொள்ளும். எது எதற்குப் பிறகு என்று வரிசை மட்டும் வையுங்கள்: சாப்பிட்ட பிறகு வாசிப்பு, வாசிப்புக்குப் பிறகு கணக்கு. வாரத்துக்கு நான்கு நாளுக்கு மட்டும் பாடம் திட்டமிடுங்கள், ஐந்தாவது நாள் விட்டுப்போனதற்கு. ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எழுதிவிட்டார்கள். பெற்றோர் போடும் வருடத் திட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

எல்லாப் பாடத்தையும் தினமும் தொட வேண்டியதில்லை. கணக்கு, வாசிப்பு, எழுத்து மூன்றும் தினமும் கொஞ்சம். வரலாறு, அறிவியல் இவற்றை ஒரு பிற்பகல் முழுக்க எடுத்துக்கொண்டு செய்தால்தான் சுவை. படித்ததை இடைவெளி விட்டுத் திரும்பத் தொடுவது ஒரே மூச்சில் படிப்பதைவிட நிற்கும் என்பது 1885-இல் நினைவாற்றலை ஆராய்ந்து எழுதிய ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் காலத்திலிருந்து திரும்பத் திரும்ப உறுதியான விஷயம், இதில் சந்தேகம் வேண்டாம். எவ்வளவு இடைவெளி என்பதற்கு 2008-இல் வந்த ஓர் ஆய்வு உதவும்: ஒரு வாரம் நினைவில் இருக்க ஒரு நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தவர்களும், ஏறத்தாழ ஒரு வருடம் நினைவில் இருக்க மூன்று வாரம் கழித்துத் திருப்பிப் பார்த்தவர்களும் நன்றாகச் செய்தார்கள். அவர்கள் பெரியவர்கள், படித்தது துணுக்குச் செய்திகள். அதனால் அந்த எண்களை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்தாமல் திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் இது சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடக் கேள்விதான்: "போன மாசம் எரிமலை பத்தி படிச்சோமே, உள்ள என்ன இருந்துச்சு?" புத்தகத்தைத் திருப்பிப் படிக்கவைப்பதைவிட, மனதிலிருந்து எடுத்துச் சொல்லவைப்பது நன்றாக நிற்கும், 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் கல்லூரி மாணவர்களிடம் இதைக் காட்டினார்கள்.

மீதி நேரம் எங்கே போகிறது என்று கேட்டீர்கள். பெரும்பகுதி வீட்டு வேலை, விளையாட்டு, வாசிப்பு, அப்புறம் வெளியாட்களுக்குச் சும்மா இருப்பதாகத் தெரிகிற நேரம். ஒரு பையன் மூன்று வாரம் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டிப் பாலம் கட்டிக்கொண்டிருந்தான், எந்தப் பாலம் எவ்வளவு எடை தாங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். எவரும் சொல்லிச் செய்ததில்லை. எல்லாப் பிள்ளைகளும் இப்படிச் செய்துவிடுவார்கள் என்று நம்பிவிடாதீர்கள். பல பிள்ளைகளுக்கு ஓய்வு நேரம் ஓய்வு நேரமாகவே போகும், அதுவும் தப்பில்லை. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு அது தானாக நடக்காது, நாம்தான் இடம் ஒதுக்க வேண்டும். நட்பும் அப்படித்தான். வாரத்தில் இரண்டு முறையாவது அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஏற்பாடு வேண்டும். வாரம் ஒரு புதுக் கூட்டம் என்றால் நட்பு ஒட்டாது. ஆனால் அதற்காக நீச்சல், இசை, ஓவியம், சதுரங்கம் என்று வகுப்பு வகுப்பாகச் சேர்த்துவிடுகிற வீடுகளில் பாதி நாள் வண்டியிலேயே கழிகிறது. ஒரு பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு வெளி வகுப்புக்கு மேல் போனால் நான் கேள்வி கேட்பேன்.

பெரியவன் 13, 14 வயதைத் தொடும்போது இந்தக் காலை வரிசை மாறும். அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் பரிந்துரைத்தது. தூக்கம் வரும் நேரமும் இயல்பாகவே இரவில் பின்னுக்குப் போகும். வீட்டில் படிக்கிறவனை ஆறு மணிக்கு எழுப்ப ஒரு காரணமும் இல்லை.

இன்னும் தீராத கேள்விகளும் உண்டு. வீட்டில் படித்தவர்கள் பள்ளியில் படித்தவர்களைவிட அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள் என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், பின்தங்குகிறார்கள் என்பவர்களையும்தான். இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றில் தாங்களாக முன்வந்து தேர்வு எழுதிய குடும்பங்களே இருக்கின்றன; அவர்களின் படிப்பும் வசதியும் வேறு. பாடமே வைக்காமல் பிள்ளையின் ஆர்வத்தின் போக்கில் விடுகிற வீடுகளைப் பற்றியும் என்னால் பொதுவாகத் தீர்ப்பு சொல்ல முடியாது. நான் பார்த்தவற்றில் வாசிப்பும் பேச்சும் நன்றாகவே வந்தன, கணக்கும் எழுத்தும் பல இடங்களில் நொண்டின. பள்ளியில் படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் பாடமில்லாமல் விட வேண்டும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது வாய்வழியாக வந்த கைக்கணக்கு, ஆனால் மூன்று மாதமாகச் சண்டை நடக்கிற உங்கள் வீட்டுக்கு இரண்டு வாரம் பாட விடுமுறை கண்டிப்பாக நல்லது.

அந்த இரண்டு வாரமும் தினமும் சத்தமாகப் படித்துக் காட்டுவதை மட்டும் வையுங்கள். ஒரு நோட்டில், என்ன செய்ய வேண்டும் என்று எழுதாமல், அன்றைக்கு என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதுங்கள். சட்டத்துக்கு ஆவணம் தேவைப்படுகிற இடமாக இருந்தால் அதுவே ஆவணமாகவும் ஆகும். மூன்றாவது வாரம் இருவருக்கும் கணக்கையும் மகளுக்கு வாசிப்பையும் சேருங்கள். எழுத்து அடுத்த மாதம் வரட்டும்.

நேரம் நிஜமாகவே போதவில்லை என்பதற்கு நான் பார்க்கிற அடையாளங்கள் இரண்டு. போன மாதம் தனியாகச் செய்த கணக்கை இந்த மாதம் செய்ய முடியவில்லை என்றால், பழகுவதற்கு நாளுக்குப் பத்து நிமிடம் கூட்டுங்கள். மகள் நாலைந்து மாதம் தினமும் வாசித்த பிறகும் எளிய சொற்களிலேயே தடுமாறினால், உட்காரும் நேரத்தைக் கூட்டுவதற்கு முன்னால் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, வாசிப்புக் குறைபாடு தெரிந்த ஒருவரிடம் அழைத்துப் போங்கள்.